கடற்கரைச் சவாரிக் குதிரையும் அதன் அடையாளமும்

சவாரி போகும் வழியில் கட்டறுத்துக்கொண்டோ, மேலிருப்பவரைத் தள்ளிவிட்டோ ஓடிப்போன குதிரையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரே வேலை போலத் தோன்றினாலும், அதனுள் இரண்டு வேறுபட்ட வேலைகள் அடங்கியிருக்கின்றன. குதிரை எங்கே நிற்கிறது என்று தேடிப் பிடிப்பது ஒன்று; பிடிபட்ட குதிரை இன்னாருடையது என்று ஐயமின்றி நிறுவுவது மற்றொன்று. முன்னதை மீட்பு என்றும் பின்னதை அடையாளம் காணல் என்றும் வழங்கலாம். இவ்விரண்டுக்கும் வேண்டிய அறிவும் கருவியும் ஆளும் வேறு வேறு என்பதைப் பெரும்பாலான ஏற்பாடுகள் கருத்தில் கொள்வதில்லை. அடையாளத்தைச் சரிசெய்துவிட்டால் மீட்பு தானே நடந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அவை எழுப்பப்பட்டிருக்கின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய கடற்கரையில் நடக்கும் குதிரைச் சவாரியை முன்வைத்து ஆராய்வது பொருத்தமானது. குதிரைக்காரரின் கண்ணையும் நினைவையும் நம்பியே நடக்கும் ஒரு பழைய முறையின் வலிமையும் நலிவும் அங்கே மிக அருகில் தெரிகின்றன.

குப்பத்துக்கு வடக்கே அடையாற்றுக் கழிமுகமும், 1977-இல் இடிந்து அப்படியே நிற்கும் உடைந்த பாலமும் உள்ளன. மேற்கே, குப்பத்தின் பெயரில் இடம்பெற்ற ஹென்றி ஸ்டீல் ஒல்காட் இணைந்து நிறுவிய பிரம்மஞான சபையின் மரமடர்ந்த வளாகம் மதிலோடு நிற்கிறது. தெற்கே எலியட்ஸ் கடற்கரை விரிந்து, 1930-இல் அலையில் சிக்கியவர்களைக் காக்கப்போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுமண்டபத்தைக் கடந்து வேளாங்கண்ணி மாதா கோயில், அஷ்டலட்சுமி கோயில் பக்கமாக நீள்கிறது. மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் இந்த மணற்பரப்பில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குதிரைகள் நடக்கின்றன. கயிற்றைப் பிடித்தபடி குதிரைக்காரர் கூடவே நடக்கிறார் அல்லது ஓடுகிறார். அதே மணலில் குப்பத்து மீனவர்களின் ஃபைபர் படகுகள் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றின் முகப்பின் இரு புறமும் நாட்டையும் மாநிலத்தையும் குறிக்கும் சுருக்கெழுத்துகளோடு பதிவெண் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. காற்றும் நீரோட்டமும் இழுத்துச்சென்று ஆந்திரக் கரையில் ஒதுக்கினாலும், அந்தப் படகு எந்த ஊருடையது என்பதைக் கரையில் நிற்கும் எவரும் தொலைவிலிருந்தே படித்துவிட முடியும். அந்தப் படகின் நிழலில் நிற்கும் குதிரைக்கோ, சங்கு மணியும் நெற்றிக் குஞ்சமும் வண்ணச் சேணமும் இருக்கலாம். வழிப்போக்கர் படிக்கத்தக்க எழுத்து ஒன்றும் இருப்பதில்லை. உயிரில்லாத படகுக்குச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, தானே காலெடுத்து ஓடக்கூடிய விலங்குக்குச் செய்யப்படாதிருப்பது எண்ணிப்பார்க்க வேண்டிய முரண்பாடு.

குதிரைக்காரர் தம் குதிரையை எதைக் கொண்டு அறிகிறார்? முதலில் நிறம், செவலை, கருப்பு, வெள்ளை, சாம்பல் என்ற பெரும்பிரிவுகள். பிறகு வெள்ளைக் குறிகள்: நெற்றிச் சுட்டி, மூக்கின் வழியே இறங்கும் பட்டை, காலில் குளம்புக்கு மேல் சாக்ஸ் போட்டதுபோல் ஏறியிருக்கும் வெண்மை. நான்கு கால்களும் முகமும் வெளுத்திருக்கும் குதிரையைப் பஞ்சகல்யாணி என்று தனிப்பெயரிட்டு மங்கலமாகக் கொண்டது தமிழ் வழக்கு. இவற்றுக்கும் மேலே சுழி. உடலின் சில இடங்களில் மயிர் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமிட்டு வளர்வதையே சுழி என்கிறார்கள்; மாடு வாங்கும்போதும் குதிரை வாங்கும்போதும் சுழி பார்ப்பது தமிழகத்தில் இன்றும் உள்ள பழக்கம். எந்த இடத்துச் சுழி உரியவருக்கு ஆகும், எது ஆகாது என்ற பலன் கூறும் பகுதியை அறிவியல் ஏற்காது. ஆயினும் பலன் சொல்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகச் சுழிகளை இடம் பிசகாமல் பார்த்துப் பழகிய கண், அடையாளம் காண்பதற்கு மிகக் கூர்மையான கருவியாக வளர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் வழங்கப்படும் குதிரைக் கடவுச்சீட்டில், அதாவது ஒரு குதிரையின் பிறப்பு, உருவம், தடுப்பூசி, உரிமை ஆகியவற்றைப் பதிந்து அதனுடனேயே செல்லும் ஏட்டில், குதிரையின் கோட்டுப்படத்தின் மேல் சுழி உள்ள இடங்களைக் கால்நடை மருத்துவர் பெருக்கல் குறியிட்டுக் காட்டுகிறார். வெள்ளைக் குறியே இல்லாத குதிரைக்குச் சுழிகளே தலையாய சான்று. சுழி சாகும்வரை இடம் மாறுவதில்லை. நம் சந்தைத் தரகர்களிடம் இருந்த அறிவும் அந்நாட்டு மருத்துவரின் படிவத்தில் இருக்கும் அறிவும் ஒன்றே என்பதை இங்குள்ளவர்கள் உணர்ந்து பெருமைகொள்ளலாம். அந்த அறிவு தாளில் ஏறவில்லை என்பதுதான் வேறுபாடு.

கண்ணறிவின் வலிமை அதன் வேகத்தில் இருக்கிறது. இருட்டில், ஐம்பது அடி தொலைவில், கூட்டத்துக்கு நடுவே தலை அசைவதைப் பார்த்தே தம் குதிரையைச் சொல்லிவிடக்கூடியவர் அதை நாளும் தண்ணீர் காட்டித் தேய்த்துவிடும் ஆள். எந்தக் கருவிக்கும் அந்தத் தொலைவு எட்டாது. குதிரையும் அவருடைய குரலை அறியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் காது திரும்பும் திசையைப் பார்த்தால், அடையாளம் ஒருவழிப் பாதையாக இல்லாமல் இருபுறமும் இயங்குவது விளங்கும். அடையாளம் கண்டவரே பிடிக்கவும் வல்லவர் என்பதால் மேற்சொன்ன இரண்டு வேலைகளும் இங்கே ஒருவரிடமே கூடிவிடுகின்றன. வேறெந்த முறைக்கும் இல்லாத சிறப்பு இது.

நலிவும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அறிவு முழுவதும் ஓர் ஆளின் தலைக்குள் இருப்பதால், அவர் இல்லாத இடத்தில் குதிரைக்கு அடையாளமே இல்லை. குதிரை குப்பத்தை அடுத்த பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர்வரை ஓடி, அங்கே ஒருவர் பரிவோடு கட்டிவைத்தார் என்று கொள்வோம்; அவர் யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? நெற்றியில் வெள்ளை உள்ள செவலைக் குதிரை என்ற விவரிப்புக்குள் ஒரே கடற்கரையில் நாலைந்து குதிரைகள் அடங்கும். நிறப்பெயர்களும் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன; ஒருவர் செவலை என்பதை மற்றவர் பழுப்பு என்பார். அதைவிடச் சிக்கலானது, சில குதிரைகளின் நிறம் வயதோடு மாறுவது. வெள்ளைக் குதிரை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து வெளுப்பவை. நான்கு வயதில் எழுதிய விவரிப்பைக் கொண்டு பன்னிரண்டு வயதில் அந்தக் குதிரையைத் தேடினால் கண்முன் நின்றாலும் கண்டுகொள்ள முடியாது. முன்னங்கால்களின் உட்புறத்தில் உள்ள கொம்புபோன்ற காய்ப்பின் வடிவம் குதிரைக்குக் குதிரை வேறுபட்டு நிலைத்திருக்கும் குறி; ஆனால் அதைக் குனிந்து பார்த்துக் குறித்துவைப்பவர் அரிது.

உருவ ஒப்புமையை மட்டும் நம்புவதன் ஆபத்தைத் தமிழ் மரபே ஒரு பெருங்கதையாகச் சொல்லியிருக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப்போன மாணிக்கவாசகர் அப்பணத்தைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்ததும், இரவில் அவை மறுபடியும் நரிகளாகி இலாயத்துக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடியதும் திருவிளையாடல் நூல்கள் விரித்துரைக்கும் செய்தி. பக்தி நூலாக அதைப் போற்றுவோர் பொதுவாகக் கடந்துபோகும் ஓர் இடம் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. குதிரைகள் கைமாறும்போது கயிறு மாறுதல் என்ற சடங்கு நடக்கிறது. விற்பவர் தம் கயிற்றை எடுத்துக்கொள்ள, வாங்குபவர் தம் கயிற்றைப் பூட்டுகிறார். அந்த நொடியிலிருந்து குதிரைக்கு நேர்வது எதற்கும் விற்றவர் பொறுப்பாகார். பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடலில் இதற்கெனவே ஒரு பகுதி பெயர்பெற்றிருக்கிறது. குதிரைகளின் இலக்கணம் அத்தனையும் பொருந்தியிருந்தன. ஆனாலும் அவை குதிரைகள் அல்ல. வடிவம் ஒத்திருப்பது வேறு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர் அறாதிருப்பது வேறு என்ற நுட்பம் அக்கதைக்குள் பொதிந்திருக்கிறது. கதையில் கயிறு மாறுவது பாண்டியன் முன்னிலையிலேயே நிகழ்கிறது. கடற்கரைக் குதிரையின் இன்றைய விற்பனைகளில் சாட்சியும் இல்லை, சீட்டும் இல்லை என்றால், கதைக்காலத்து ஏற்பாட்டைவிடவும் பின்தங்கியது இன்றைய ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

அரசுகள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட முதல் விடை சூடு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தோலில் முத்திரையிடும் வழக்கத்தை அலாவுதீன் கில்ஜி தம் குதிரைப்படைக்குக் கட்டாயமாக்கினார். அக்பர் காலத்தில் அது வீரரின் அங்க அடையாளக் குறிப்போடு இணைந்து விரிவான நிர்வாக முறையாக வளர்ந்தது. அதன் நோக்கம் ஓடிப்போன குதிரையை மீட்பதன்று. அணிவகுப்பு நாளில் நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கிவிட்டு, மறுநாள் அதை விற்று மட்டக்குதிரையை நிறுத்தும் ஏமாற்றைத் தடுப்பதே நோக்கம். அதாவது சூட்டுக்குறி ஐயத்திலிருந்து பிறந்தது. அதன் பெரிய நன்மை, யாரும் எந்தக் கருவியும் இன்றி வெறுங்கண்ணால் படிக்கலாம் என்பது. தீமையோ வெளிப்படை: வலி, புண், அந்தப் புண்ணை மொய்க்கும் ஈ. வலியைக் குறைக்கும் பொருட்டு 1960-களில் அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் ஒருவர் உருவாக்கிய உறைகுளிர் முத்திரை, மயிருக்கு நிறம் தரும் செல்களை அழித்து அவ்விடத்தில் வெள்ளை மயிர் முளைக்கச் செய்கிறது. ஏற்கெனவே வெளுத்த குதிரையில் அது தெளிவாகத் தெரியாது. பிரித்தானியப் படைகள் பின்பற்றிய குளம்புமுத்திரை வேறொரு வழி. நகம்போல் உணர்ச்சியற்ற குளம்புச் சுவரில் எண்ணைச் சுட்டுப் பொறிப்பதால் குதிரைக்கு வலியில்லை. ஆனால் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து கீழிறங்குவதால் எண்ணும் கூடவே இறங்கித் தேய்ந்துபோகும், திரும்பத் திரும்பப் பொறிக்க வேண்டும். இந்தக் குறையே ஒரு நன்மையாக மாறக்கூடும் என்பதைப் பின்னர் காணலாம்.

இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுவது மைக்ரோசிப் எனப்படும் சில்லு. அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த இந்த மின்னணுத் துணுக்கை, கழுத்தின் இடப்புறம் பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாரில் ஊசியால் செலுத்துகிறார்கள். அதற்கு மின்கலம் இல்லை. படிப்பானை அருகில் கொண்டுபோனால் அதன் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவே அதன் தொழில். எண் ஆயுள் முழுதும் மாறாது, நிறம் நரைத்தாலும் அழியாது, மற்றொரு குதிரைக்கு வராது. இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 1 முதல் வயது வேறுபாடின்றி எல்லாக் குதிரைகளுக்கும் இது கட்டாயம். குதிரைகளில் பரவும் தொற்று இரத்தசோகையைக் கட்டுப்படுத்த அழியாத அடையாளத்தை முன்னரே வலியுறுத்தியிருந்த அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், 2005-ஆம் ஆண்டுக் கத்ரீனா புயலுக்குப் பின் மீட்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகளில் ஏறக்குறைய அனைத்தும் உரியவர்களிடம் சேர்க்கப்பட்டன. வெள்ளமும் புயலும் வழக்கமாகிவிட்ட கழிமுகக் கரையில் வாழ்வோர் இந்தச் செய்தியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

என்றாலும் சில்லின் மேல் வைக்கப்படும் நம்பிக்கையில் பாதி தவறான புரிதலில் நிற்கிறது. சில்லு இருந்தால் குதிரை எங்கே இருக்கிறது என்று செல்பேசியில் பார்த்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். சில அங்குலத் தொலைவுக்குள் படிப்பானைப் பிடித்தால் மட்டுமே பேசும் சில்லு இடங்காட்டியாக முடியாது. இடங்காட்டிக்கு மின்கலமும் வலைத்தொடர்பும் வேண்டும், அதைக் கழுத்துப்பட்டையில் தனியே கட்டி அவ்வப்போது மின்னேற்ற வேண்டும். ஆகவே சில்லைப் படிப்பதற்கு முன்பே குதிரை பிடிபட்டிருக்க வேண்டும், பிடித்தவரிடம் படிப்பான் இருக்க வேண்டும், வந்த எண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அப்பதிவேட்டில் உரிமையாளரின் இன்றைய எண் இருக்க வேண்டும். இந்த நான்கு கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் எஞ்சுவது பொருளற்ற பதினைந்து இலக்கங்கள். நான்காவது கண்ணிதான் எங்கும் முதலில் அறுவது. குதிரைக் கடவுச்சீட்டு முறையில் நெடிய அனுபவமுள்ள பிரித்தானியாவிலேயே, நாடு தழுவிய குதிரைத் தரவுத்தளம் 2012-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மாட்டிறைச்சி என்ற பெயரில் குதிரை இறைச்சி விற்கப்பட்ட மோசடி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. ஏடு இருந்தது, எண் இருந்தது. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஒரே இடம் இல்லாமற்போனது. கருவி பழுதானதால் வந்த கேடு அல்ல அது, பேணுதல் நின்றதால் வந்த கேடு.

இந்தியாவில் இந்தப் பேணுதல் குதிரைக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், இரு துருவங்கள் தெரிகின்றன. பந்தயக் குதிரைக்குப் பிறப்பு முதல் வம்சப் பதிவேடு உண்டு. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிண்டியில் ஓடிய ஒவ்வொரு குதிரையும் தாய் தந்தை பெயரோடு அறியப்பட்டது. அப்பதிவேடு இனத்தூய்மையையும் பந்தயத்தையும் கருதி அமைந்தது. ஓட்டம் ஓய்ந்த குதிரை இரண்டு மூன்று கை மாறிச் சவாரிக்கு வந்துவிட்டால் அந்த ஏடு அதைப் பின்தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது. மறுபுறம், மாடுகளுக்கும் எருமைகளுக்கும் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் பட்டை நாடெங்கும் மாட்டப்படுகிறது. சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சில்லும் வேண்டும் என்று மாநகராட்சி 2025-இல் வற்புறுத்தியது. மாட்டுக்கும் நாய்க்கும் இடையில் குதிரை விடுபட்டுப்போயிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளுமாக ஏறத்தாழ 3.4 லட்சமே, 2012-இல் 6 லட்சத்துக்கும் மேல் இருந்த எண்ணிக்கை ஏழே ஆண்டில் இந்த அளவுக்குச் சரிந்தது. தொகை குறைந்த விலங்கு திட்டமிடுவோர் கண்ணில் படாமல் போவது இயல்பு என்று விட்டுவிடலாகாது. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கவல்லது; இரத்தப் பரிசோதனையில் நோயில்லை என்று தரப்படும் சான்றிதழில் குதிரையின் அடையாளம் சுட்டியும் நிறமும் மட்டுமே என்றால், அந்தச் சான்றிதழ் வேறொரு குதிரைக்கும் பொருந்தும். நாளும் குழந்தைகளைச் சுமக்கும் விலங்கின் விஷயத்தில் இது சிறிய ஓட்டையன்று.

இனி மீட்பைப் பார்க்கலாம். ஓடிப்போன குதிரையைத் திரும்பக் கொண்டுவருவதில் பாதிக்கு மேல் குதிரையின் இயல்பை அறிவதே. குதிரை மந்தையாக வாழும் விலங்கு, வேட்டையாடப்பட்டுத் தப்பிப் பிழைத்த விலங்கு. மிரண்டால் முதலில் ஓடும், பிறகுதான் நின்று பார்க்கும். துரத்தினால் துரத்துபவரை வேட்டைமிருகமாகவே கொள்ளும். அச்சம் தணிந்ததும் பெரும்பாலும் வந்த வழியே திரும்பும், அல்லது மற்றக் குதிரைகள் நிற்கும் இடத்தை நாடும். இதை அறிந்த வெளிநாட்டு மலைவழிச் சவாரிக் குழுக்கள், ஒரு குதிரை ஓடினால் எல்லோரும் பின்னால் பாயாமல், எஞ்சிய குதிரைகளை நிறுத்தி, கடைசியாகக் கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, பழகிய குதிரை ஒன்றையும் தீவன வாளியையும் கொண்டு மெல்ல நெருங்குகின்றன. சேணத்திலும் கடிவாளத்திலும் தொலைபேசி எண் எழுதிய தகடு மாட்டுவதோடு, சேணம் நழுவிக் கழன்றுவிடக்கூடும் என்பதால் பிடரி மயிரிலும் ஒரு வில்லையைப் பின்னிவிடுவது அவர்களின் வழக்கம். புயல் வருமென்றால் குளம்பில் பெயிண்டால் எண் எழுதுவதும் உண்டு. இவை எல்லாம் மலிவானவை, அழியக்கூடியவை, போலியாகச் செய்யத்தக்கவை, நீதிமன்றத்தில் நிற்கா. ஆயினும் குதிரையை வீடு சேர்ப்பவை இவைதாம், ஏனெனில் அவற்றைப் படிக்க வழியில் நிற்கும் யாராலும் முடியும்.

ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையின் நில அமைப்பு மீட்புக்கு ஓரளவு துணைபுரிகிறது. கிழக்கே கடல், வடக்கே கழிமுகம், மேற்கே மதில். மணலில் மிரண்ட குதிரைக்குத் திறந்திருப்பது தெற்கும், தென்மேற்கே பெசன்ட் நகர்த் தெருக்களுமே. வடக்கு நோக்கி ஓடியதை உடைந்த பாலத்தருகே பதற்றமின்றி மடக்கலாம். தெருவுக்குள் நுழைந்ததுதான் உயிராபத்து: தார்ச்சாலையில் லாடம் வழுக்கும், தொங்கும் கயிறு முன்னங்காலில் சிக்கும், பேருந்தின் ஒலிப்பான் மறுபடி மிரட்டும். குப்பத்துக்காரர்களும் கடற்கரைக் கடைக்காரர்களும் குதிரையைக் குதிரைக்காரரோடு சேர்த்தே முகத்தால் அறிவார்கள் என்பதால், கடற்கரைக்குள் நடக்கும் எந்த மிரளலும் சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடும். இந்த முகப்பழக்கம் சாலையைத் தாண்டியவுடன் நின்றுவிடுகிறது. எழுத்தின் தேவை சரியாக அந்தச் சாலையோரத்தில் தொடங்குகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் குதிரையையும் மட்டக்குதிரையையும் கால்நடை என்ற சொல்லுக்குள் பெயர்சொல்லியே அடக்குகிறது. அடைக்கப்பட்ட விலங்கை ஏழு நாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் காவல்நிலையத்துக்கு அறிவித்து, அதன் எண்ணிக்கையும் விவரமும் பிடிபட்ட இடமும் எழுதி ஒட்டி, அண்மை ஊரிலும் சந்தையிலும் பறையறைந்து தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாளில் யாரும் வராவிட்டால் ஏலம். பறையறைதல் என்ற விதியைப் பழமை என்று புறந்தள்ளத் தோன்றலாம். ஆனால் இழந்தவரின் காதுக்கு எட்டும்படி செய்தியைப் பரப்புவது அதிகாரிகளின் கடமை என்று அது கொள்கிறது. சில்லும் தரவுத்தளமும் இந்தக் கடமையை இழந்தவரின் தலையிலேயே ஏற்றிவிட்டன. அதன் குறையும் சொல்லத்தக்கதே: விவரம் என்று எழுதப்படுவது மறுபடியும் நிறமும் சுட்டியுமாகவே இருக்கும், உரிமை கேட்டு வருபவர் எதைக் காட்டி நிறுவ வேண்டும் என்பதில் தெளிவில்லை, பதினான்கு நாள் தீனிச்செலவு தினக்கூலிக்குச் சவாரி ஓட்டுபவருக்குக் குதிரையையே விட்டுவிடத் தோன்றும் அளவுக்கு ஏறிவிடும்.

விட்டுவிடுதல் என்ற இந்தச் சொல்லில்தான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி இருக்கிறது. மேற்கண்ட முறைகள் யாவும் குதிரையைத் தேடும் உரிமையாளர் ஒருவர் உண்டு என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன. உரிமையாளரைத் தேடும் குதிரையைப் பற்றி அவை பேசுவதில்லை. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் சவாரி இல்லாத பருவத்தில் தீனிச்செலவை மிச்சப்படுத்தக் குதிரைகள் சாலையில் அவிழ்த்துவிடப்படுவதும், அவை குப்பைத்தொட்டியில் வாய்வைப்பதும், வாகனத்தில் அடிபட்டால் உரிமை கோர யாரும் முன்வராததும் மலைநகரவாசிகள் ஆண்டுதோறும் காணும் காட்சிகள். அக்குதிரைகள் தொலைந்தவை அல்ல, தொலைக்கப்பட்டவை. இன்னும் நீண்ட காலக்கணக்கில் பார்த்தால், கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களோடு மேயும் காட்டுக்குதிரைகளும், யாழ்ப்பாணத்து நெடுந்தீவின் வறண்ட வெளியில் திரியும் மட்டக்குதிரைகளும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ வளர்த்த குதிரைகளின் வழிவந்தவையே. உரிமையாளரின் பெயர் உதிர்ந்ததும் விலங்கு காட்டு விலங்கு என்ற வகைக்குள் போய்விடுகிறது. கடற்கரையின் மரபான கண்ணறிவு உரிமையாளரின் விருப்பத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது. அவர் அறியேன் என்றால் குதிரைக்கு வேறு சாட்சியில்லை. சில்லின் உண்மையான மதிப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. தொலைந்த குதிரையைக் கண்டுபிடிப்பதில் அது பின்வரிசையில் நிற்கிறது. கைவிட்டவரைக் கண்டுபிடிப்பதில் அதற்கு இணையானது இல்லை. சில்லைக் குதிரைக்காரருக்கு நன்மை என்று மட்டும் சொல்லிப் புகுத்த முயல்வோர் இந்த மறுபாதியை மறைக்கக் கூடாது.

அதே வேளை, சுமை யார்மேல் விழுகிறது என்பதையும் எடைபோட்டாக வேண்டும். கடற்கரைக் குதிரைக்காரர் வசதி படைத்தவர் அல்லர். மழைக்காலத்தில் வருமானம் நின்றாலும் குதிரையின் தீனி நிற்பதில்லை. பதிவு என்றாலே உரிமம், அபராதம், வெளியேற்றம் என்றுதான் கடற்கரையில் பிழைப்போர் அறிந்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போவதற்கான பட்டியலாக ஒரு பதிவேடு தொடங்கினால், குதிரைகளை மறைப்பதே அதன் விளைவாகும். எனவே ஏடு தண்டனைத் துறையிடம் இருப்பதைவிட, லாயத்துக்கு வந்து குதிரையைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இருப்பது தகும். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியை உடைய நகரத்துக்கு இது எட்டாக் கனியன்று. தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் இலவசமாகக் கிடைக்கும் நாளிலேயே சில்லும், சுழி குறித்த படமும், இரு பக்கத்து நிழற்படமும் ஏறட்டும். விற்கும்போது விற்றவரும் வாங்கியவரும் அந்த ஏட்டில் கையெழுத்திடும் வழக்கம் வந்தால், பழைய கயிறு மாறுதல் புதிய உருவில் திரும்பியதாகும். சில்லோடு, கடிவாளத்தின் கன்னப்பட்டையில் படகு எண்ணைப்போல் தொலைவிலிருந்து படிக்கத்தக்க பித்தளைத் தகடு ஒன்றும் வேண்டும். தகடில்லாமல் சில்லை மட்டும் வைப்பது, படகின் பதிவெண்ணை உட்பலகையில் எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

இந்த ஏற்பாட்டில் இதுவரை யாரும் கணக்கில் கொள்ளாத ஓர் ஆள் உண்டு. மணலோடு தார்ச்சாலையிலும் நடக்கும் குதிரைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறையேனும் பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவிப் புது லாடம் அடிக்க வேண்டும். உரிமையாளர் மாறினாலும், தொழில் நொடித்தாலும், லாடம் அடிப்பவர் முன் குதிரை வந்தே தீரும். முன்னங்காலை மடக்கித் தம் தொடைமேல் வைத்துக்கொண்டு குளம்பின் அடியைப் பார்ப்பவருக்கு, எந்தக் குதிரைக்கு இடக்குளம்பு குறுகல், எதற்குப் பழைய வெடிப்பு என்பது முகம்போல் தெரியும். காலின் உட்புறக் காய்ப்பும் அவர் கண்ணுக்கு நேரேதான் இருக்கிறது. குளம்பில் பொறித்த எண் வளர்ந்து தேய்ந்துபோகிறது என்று மேலே சொல்லப்பட்ட குறை, அவர் கையில் இரும்பு இருக்கும்வரை குறையன்று; ஒவ்வொரு முறை லாடம் மாற்றும்போதும் எண்ணைப் புதுப்பித்து, ஏட்டில் அன்றைய தேதியையும் குதிரையைக் கொண்டுவந்தவரின் பெயரையும் எழுதிவிட்டால், ஆண்டுக்கு எட்டு ஒன்பது முறை அந்தக் குதிரை யார் கையில் இருந்தது என்பதற்குச் சான்று சேர்ந்துகொண்டே போகும். அந்த வரிசையில் ஒரு தேதி விழாமல் போனால், அந்தக் குதிரையைத் தேடத் தொடங்க வேண்டிய நாள் அதுவே.